உள்நுழைவு, செஷன், குக்கி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை வட்டாரத்தில் விடுதிகளுக்கும் தோல் பொருள் கடைகளுக்கும் குடியாத்தத்து லுங்கி மொத்த வியாபாரிகளுக்கும் வலைச்செயலி எழுதிக் கொடுப்பது என் தொழில். என்னோடு வேலை பார்க்கும் இளைஞர்களும், யாரோ எழுதிவைத்துப் போன செயலியைப் பராமரிக்கும் பொறுப்பு தலையில் விழுந்தவர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். எடுத்துக்காட்டுகளில் பெரும்பாலானவை ஒரே செயலியைச் சேர்ந்தவை. சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில், வங்காள எழுத்தில் பெயர்ப்பலகை மாட்டியிருக்கும் விடுதிகளுள் ஒன்றுக்காக எழுதிய அறைப்பதிவுச் செயலி அது. அந்த விடுதியின் வரவேற்பு மேசையில் இருப்பது ஒரே கணினி. அதை மூன்று ஷிப்டுகளில் மூன்று எழுத்தர்கள் பயன்படுத்துகிறார்கள். இந்தப் பக்கத்தில் வரும் சிக்கல்களில் பாதி அந்த ஒரு மேசையிலிருந்து கிளம்பியவை.

கடவுச்சொல்லை ஒருமுறை சரிபார்த்த பிறகும் சர்வர் அந்த ஆளை மறந்துவிடுவது ஏன்?

உலாவியும் சர்வரும் பேசிக்கொள்ளும் எச்டிடிபி நெறிமுறையின் இயல்பே அதுதான். உலாவி ஒரு பக்கத்தைக் கேட்கிறது, சர்வர் கொடுக்கிறது, அத்தோடு அந்தப் பேச்சு முடிந்துவிடுகிறது. அடுத்த நொடியில் அதே உலாவி இன்னொரு பக்கத்தைக் கேட்டால், அது முன்பு வந்த அதே ஆள் என்று அறிந்துகொள்ள சர்வருக்கு நெறிமுறையில் எந்த வழியும் இல்லை. இந்தக் குறையை நிரப்ப நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மொண்டுல்லி 1994இல் உருவாக்கியதுதான் குக்கி, அதாவது சர்வர் கொடுத்து, உலாவி ஒவ்வொரு கோரிக்கையோடும் திருப்பி அனுப்பும் சிறு குறிப்பு. அதற்கு முதல் தர வரையறை 1997இல் வந்தது. இன்று அடிப்படையாகக் கொள்ளப்படும் ஆர்எஃப்சி 6265 என்னும் இணையத் தர ஆவணம் 2011இல் வெளியானது.

புதிதாக வருபவர்களுக்கு நான் காட்பாடி ரயில் நிலையத்து வண்டி நிறுத்தத்தைத்தான் சொல்வேன். வண்டியை விட்டால் எண் எழுதிய சீட்டு ஒன்று தருவார்கள். அதில் உங்கள் பெயர் இருக்காது, வண்டியின் நிறம் இருக்காது, எண் மட்டுமே இருக்கும். எந்த வண்டி, எப்போது வந்தது, எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் அவர்களுடைய நோட்டில் இருக்கிறது. குக்கி என்பது அந்தச் சீட்டு, செஷன் என்பது நோட்டில் உள்ள வரி. சீட்டை யார் கொண்டுவந்து நீட்டினாலும் வண்டி அவர் கைக்குப் போய்விடும் என்பதையும் சேர்த்தே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்தப் பக்கத்தின் மற்ற கேள்விகள் எல்லாம், சீட்டு வேறொருவர் கைக்குப் போகாமல் பார்ப்பதையும், போனால் நோட்டில் அந்த வரியை அடிப்பதையும் பற்றியவை.

அப்படியானால் குக்கிக்குள் என்ன எழுத வேண்டும்?

யாராலும் ஊகிக்க முடியாத ஒரு எண் மட்டும். பயனரின் பெயர், பதவி, கைப்பேசி எண் எதுவும் வேண்டாம்.

ஒரு வியாபாரியின் பழைய செயலியை நான் திருத்த எடுத்துக்கொண்டபோது, உள்நுழைந்தவரின் வரிசை எண் அப்படியே குக்கியில் இருந்தது. என் எண் 17. உலாவியின் டெவலப்பர் கருவியைத் திறந்து 17ஐ 1 என்று மாற்றிப் பக்கத்தைப் புதுப்பித்தேன். உரிமையாளரின் கணக்கு, கடன் பாக்கி உட்படத் திறந்துவிட்டது. குக்கி என்பது பயனரின் கணினியில் இருக்கும் பொருள், அதை அவர் விருப்பப்படி திருத்தலாம் என்பதை அதை எழுதியவர் யோசிக்கவே இல்லை.

ஊகிக்க முடியாத எண் என்றால், தற்போதைய நேரத்தை எம்டி5 என்ற சுருக்கக் கணக்கில் போட்டு எடுத்ததோ, கைப்பேசி எண்ணோடு எதையாவது ஒட்டியதோ அல்ல. இயங்குதளம் தரும் பாதுகாப்பான தற்செயல் எண் உருவாக்கியிலிருந்து 128 பிட் எடுத்தால் போதும். வலைச்செயலிப் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பின் வழிகாட்டுதல் குறைந்தது 64 பிட் அளவு கணிக்கவியலாமை வேண்டும் என்கிறது. நடப்பில் உள்ள எந்தச் சட்டகமும் (ஃபிரேம்வொர்க்) இதைத் தானே சரியாகச் செய்துவிடும். ஆகவே நீங்களாக எழுத முனையாதீர்கள் என்பதே என் ஆலோசனை. ஒரு குக்கிக்கு ஏறக்குறைய 4096 பைட்டு என்ற வரம்பும் உண்டு. வாடிக்கையாளர் வாங்கும் பொருள்களின் கூடையையே குக்கிக்குள் திணிக்கப் பார்த்தவர்கள் அந்தச் சுவரில் முட்டிக்கொள்வார்கள்.

செஷன் விவரங்களைச் சர்வரில் எங்கே வைப்பது: கோப்பிலா, தரவுத்தளத்திலா, நினைவகத்திலேயே தரவை வைக்கும் ரெடிஸிலா?

ஒரே சர்வர், சில நூறு பயனர்கள் என்றால் எதில் வைத்தாலும் ஓடும். பிஎச்பி மொழி இயல்பாகக் கோப்பில் வைக்கிறது. அதில் ஒரு தொல்லை உண்டு. ஒரு கோரிக்கை செஷன் கோப்பைத் திறந்து வைத்திருக்கும் வரை அதே பயனரின் அடுத்த கோரிக்கை காத்து நிற்கும். மாத அறிக்கை தயாராகும் பதினைந்து நொடிகளுக்கு வேறு எந்தத் தாவலும் நகரவில்லை என்று புகார் வந்தால், சர்வரின் நினைவகத்தைக் கூட்டுவதற்கு முன் இந்தப் பூட்டைப் பாருங்கள். செஷனில் எழுத வேண்டியதை எழுதி முடித்தவுடன் அதை மூடிவிட்டு அறிக்கை வேலையைத் தொடங்கினால் சரியாகிவிடும்.

இரண்டு சர்வர்களுக்கு வளர்ந்தவுடன் கோப்பு முறை உதவாது, பொதுவான இடம் வேண்டும். தரவுத்தளத்தில் வைப்பதை நான் விரும்புவதற்குக் காரணம் வேகம் அல்ல. இந்தப் பயனருக்கு இப்போது எத்தனை செஷன்கள் உயிரோடு இருக்கின்றன என்று ஒரே வினவலில் கேட்டு, வேண்டாதவற்றை அடித்துவிட முடிகிறது. அங்கே செஷன் எண்ணை அப்படியே எழுதாமல் அதன் ஹேஷை, அதாவது மூல எண்ணைத் திரும்பக் கண்டுபிடிக்க முடியாதபடி அதிலிருந்து கணக்கிட்ட குறியீட்டை, எழுதிவையுங்கள். தரவுத்தளத்தின் நகல் வெளியே போனாலும் அதை வைத்து யாரும் உள்ளே வர முடியாது.

செக்யூர், எச்டிடிபி-ஒன்லி, சேம்-சைட் ஆகிய மூன்று குக்கிக் குறிகளும் என்ன செய்கின்றன?

முதல் இரண்டும் எளியவை. செக்யூர் என்று குறித்த குக்கியை உலாவி மறைகுறியாக்கப்பட்ட எச்டிடிபிஎஸ் இணைப்பில் மட்டுமே அனுப்பும். 2010இல் வெளியான ஃபயர்ஷீப் என்ற ஃபயர்ஃபாக்ஸ் நீட்சி, பொது வைஃபையில் அருகில் இருப்பவர்களின் செஷன் குக்கிகளை ஒரே சொடுக்கில் பிடித்துக் காட்டியது. கடவுச்சொல்லை மட்டும் மறைகுறியாக்கி அனுப்பிவிட்டு, குக்கியைத் திறந்த அஞ்சலட்டையாக விட்டுவைத்திருந்த பெரிய தளங்கள் பல அதன் பிறகுதான் விழித்துக்கொண்டன. விடுதியின் முகப்பில் எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல்லோடு இருக்கும் வைஃபைக்கும் இதே கதைதான்.

எச்டிடிபி-ஒன்லி என்ற குறி, பக்கத்தில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் அந்தக் குக்கியைப் படிக்க விடாது. 2002இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6இன் முதல் சர்வீஸ் பேக்கில் இது அறிமுகமானது. விருந்தினர் பெயர் எழுதும் கட்டத்தில் ஒருவர் ஸ்கிரிப்டைத் திணித்துவிட்டாலும் குக்கியைத் திருடி வெளியே அனுப்ப முடியாது. ஆனால் அந்தப் பக்கத்துக்குள்ளேயே இருந்துகொண்டு அவர் வேண்டியதைச் செய்ய முடியும் என்பதால், உள்ளீட்டைச் சுத்திகரிக்கும் வேலை அப்படியேதான் இருக்கிறது.

சேம்-சைட் சற்று விளக்கமாகப் பேசப்பட வேண்டியது. வேறொரு தளத்திலிருந்து கிளம்பும் கோரிக்கையோடு நம் குக்கி போகலாமா என்பதை அது தீர்மானிக்கிறது. ஸ்டிரிக்ட் என்றால் எப்போதும் போகாது. லாக்ஸ் என்றால், வேறு தளத்தில் உள்ள இணைப்பைச் சொடுக்கி நம் பக்கத்துக்கு வரும்போது போகும், வேறு தளம் படிவத்தை, தரவை அனுப்பப் பயன்படும் போஸ்ட் முறையில் அனுப்பினால் போகாது. நன் (None) என்றால் எல்லாவற்றோடும் போகும், ஆனால் செக்யூர் குறி கட்டாயம். குறி எதுவும் இல்லாத குக்கியை லாக்ஸ் என்றே கொள்ளும் மாற்றத்தை குரோம் 2020 பிப்ரவரியில் 80ஆம் பதிப்பில் கொண்டுவந்தது. கொரோனா காரணமாக ஏப்ரலில் நிறுத்தி வைத்து, ஜூலையில் மீண்டும் தொடங்கியது.

பணம் செலுத்தித் திரும்பும் வாடிக்கையாளர் வெளியேறிய நிலையில் இருக்கிறார். ஏன்?

மேலே சொன்ன மாற்றம்தான் காரணம். எனக்கு இது நேர்ந்தது ராணிப்பேட்டைப் பக்கத்துச் செருப்புக் கடை ஒன்றின் தளத்தில். வாடிக்கையாளர் கட்டணத் தளத்துக்குப் போகிறார், பணம் கட்டுகிறார், அந்தத் தளம் அவரை போஸ்ட் முறையில் நம்மிடம் திருப்பி அனுப்புகிறது. வேறு தளத்திலிருந்து வரும் போஸ்ட் என்பதால் செஷன் குக்கி கூட வரவில்லை. செயலி அவரைப் புதியவர் என்று நினைத்து உள்நுழைவுப் பக்கத்தைக் காட்டியது. வங்கியில் பணம் கழிந்திருக்கிறது, ஆர்டர் இல்லை.

எங்களை ஒரு வாரம் அலைக்கழித்தது வேறொன்று. நாங்கள் சோதித்துப் பார்த்தபோதெல்லாம் சரியாக வந்தது. பின்னர்தான் தெரிந்தது: சேம்-சைட் குறி இல்லாத குக்கி பிறந்து இரண்டு நிமிடத்துக்குள் இருந்தால், இந்த வகை போஸ்டோடும் அதை அனுப்பும் சலுகை ஒன்றை குரோம் வைத்திருந்தது. நாங்கள் உள்நுழைந்த கையோடு ஏதோ ஒரு செருப்பைக் கூடையில் போட்டுப் பணம் கட்டும் பக்கத்துக்கு ஓடினோம். உண்மையான வாடிக்கையாளரோ அளவும் நிறமும் பார்த்து, வீட்டில் உள்ளவர்களிடம் காட்டி, கால் மணி நேரம் கழித்துத்தான் பணம் கட்டினார்.

குக்கியை நன் என்று மாற்றிவிட்டால் வேலை நடக்கும், ஆனால் அது கதவைக் கழற்றி வைப்பதற்குச் சமம். நாங்கள் செய்தது வேறு. பணம் செலுத்திய பின் வந்து சேரும் பக்கம் செஷனையே நம்பக்கூடாது என்று முடிவு செய்தோம். அது ஆர்டர் எண்ணையும் கட்டணத் தளம் இட்ட கையொப்பத்தையும் சரிபார்த்து, பணம் வந்ததைத் தரவுத்தளத்தில் குறித்துவிட்டு, உலாவியை, பக்கத்தைக் கேட்கும் சாதாரண முறையான கெட் முறையில் நம் ஆர்டர் பக்கத்துக்குத் திருப்பிவிடும். அந்தக் கோரிக்கையில் லாக்ஸ் குக்கி வந்துவிடுவதால் வாடிக்கையாளர் உள்ளேயே இருக்கிறார்.

லாக்ஸ் இருப்பதால், வேறு தளம் பயனரின் பெயரில் போலிக் கோரிக்கை அனுப்புவதைத் தடுக்கும் சிஎஸ்ஆர்எஃப் டோக்கன் படிவங்களில் வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள். உங்கள் செயலியில் கெட் கோரிக்கையாலேயே எதையாவது அழிக்கவோ மாற்றவோ முடிந்தால் லாக்ஸ் அதைத் தடுக்காது.

உள்நுழைந்தவுடன் செஷன் எண்ணை மாற்ற வேண்டுமா?

கட்டாயம் மாற்ற வேண்டும். ஒரு பிரவுசிங் சென்டரில் ஒருவர் உங்கள் செயலியின் உள்நுழைவுப் பக்கத்தைத் திறக்கிறார், உள்நுழையவில்லை, குக்கியில் விழுந்த எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு எழுந்து போகிறார். அடுத்து உட்காருபவர் அதே உலாவியில் தன் கடவுச்சொல்லை இட்டு உள்ளே போகிறார். எண் மாறவில்லை என்றால், முன்பு குறித்துக்கொண்டவர் தன் வீட்டிலிருந்தே அதே எண்ணைக் காட்டி உள்ளே வந்துவிடலாம். செஷன் நிலைநிறுத்தல் என்று இதைச் சொல்வார்கள். ஜாங்கோ என்ற பைத்தான் சட்டகம் உள்நுழையும்போது எண்ணைத் தானே மாற்றிவிடுகிறது. பிஎச்பியில் நாம்தான் எண்ணைப் புதுப்பிக்கும் செயற்கூறை அழைக்க வேண்டும். தான் உருவாக்காத எண்ணை ஏற்க மறுக்கும் கண்டிப்பு முறையும் அங்கே இயல்பாக அணைந்தே இருக்கும், அதையும் இயக்கிவிடுங்கள். எழுத்தர் நிலையிலிருந்து மேலாளர் நிலைக்கு அதிகாரம் உயரும் இடங்களிலும் எண்ணை மாற்றுவது நல்லது.

நீண்ட படிவத்தை நிரப்பிக்கொண்டிருக்கும்போதே செயலி வெளியே தள்ளிவிடுகிறது. என்ன செய்வது?

விடுதிக்காரர்களிடமிருந்து எனக்கு வந்த மிகக் கோபமான தொலைபேசி அழைப்பு இதற்காகத்தான். வங்கதேசத்திலிருந்து சிகிச்சைக்கு வரும் குடும்பங்கள் தங்கினால், அவர்களுடைய கடவுச்சீட்டு, விசா விவரங்களை 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். அந்த விவரங்களை முதலில் எங்கள் செயலியில் திரட்டிக்கொள்வார்கள். நான்கு பேர் கொண்ட குடும்பம், நான்கு கடவுச்சீட்டு, நடுவில் அறைச்சாவி கேட்டு ஒருவர், வெந்நீர் வரவில்லை என்று இன்னொருவர். எழுத்தர் எல்லாவற்றையும் கவனித்துவிட்டு வந்து சேமி என்ற பொத்தானை அழுத்தினால் உள்நுழைவுப் பக்கம் நிற்கிறது. நிரப்பியது அனைத்தும் போயிற்று.

பிஎச்பியில் செஷனின் இயல்பான ஆயுள் 1440 நொடிகள், அதாவது 24 நிமிடங்கள். பக்கத்தைத் திறந்து வைத்துத் தட்டச்சு செய்வது சர்வருக்குத் தெரியாது. கடைசிக் கோரிக்கையிலிருந்துதான் அது எண்ணுகிறது. ஜாவா செயலிகளை ஓட்டும் டாம்கேட்டில் இந்த அளவு 30 நிமிடம், ஜாங்கோவில் குக்கி இரண்டு வாரம் வாழும். பிஎச்பியில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. ஒரே சர்வரில் இரண்டு செயலிகள் ஒரே செஷன் கோப்புறையைப் பகிர்ந்துகொண்டால், குறைந்த ஆயுள் வைத்திருக்கும் செயலியின் துப்புரவு மற்றதன் கோப்புகளையும் சேர்த்துக் கூட்டித் தள்ளிவிடும். உங்கள் செயலியில் எட்டு மணி நேரம் என்று எழுதியும் அரை மணியில் வெளியேறினால், கோப்புறையைத் தனியாகப் பிரித்துக் கொடுங்கள்.

ஆயுளை நீட்டுவது மட்டும் தீர்வாகாது. இரண்டு வரம்புகள் வைக்கிறோம். சும்மா இருந்தால் 30 நிமிடத்தில் முடியும், எவ்வளவு சுறுசுறுப்பாக இருந்தாலும் ஒரு ஷிப்டு நேரத்தில், அதாவது எட்டு மணி நேரத்தில், கட்டாயம் முடியும். ஓவாஸ்ப் பணம் சார்ந்த உயர் மதிப்புச் செயலிகளுக்கு 2 முதல் 5 நிமிடமும், ஆபத்து குறைந்தவற்றுக்கு 15 முதல் 30 நிமிடமும் சும்மா இருக்கும் வரம்பாகச் சொல்கிறது. படிவத்தைப் பொறுத்தவரை, ஒவ்வொரு ஆளின் விவரம் முடிந்தவுடன் வரைவாகச் சேமித்துவிடும்படி மாற்றினோம். அது செஷனின் நேரத்தையும் புதுப்பித்துவிடுகிறது. அப்படியும் செஷன் முடிந்திருந்தால் பக்கத்தை விட்டு நகராமல் அங்கேயே கடவுச்சொல் கேட்கும் சிறு பெட்டி வரும். யாரும் தொடாதபோதும் நிமிடத்துக்கொருமுறை பின்னணியில் துடிக்கும் ஸ்கிரிப்டை மட்டும் வைக்காதீர்கள். சும்மா இருந்தால் வெளியேற்று என்ற வரம்பையே அது அர்த்தமில்லாததாக்கிவிடும்.

வெளியேறு பொத்தான் என்ன செய்ய வேண்டும்?

சர்வரில் உள்ள வரியை அழிக்க வேண்டும். குக்கியை அழிப்பது அதற்குப் பின் வரும் வேலை. நான் பார்த்த செயலிகளில் பலவும் இதைத் தலைகீழாகவோ பாதியாகவோதான் செய்கின்றன. சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு நோட்டில் வண்டி நிற்பதாகவே விட்டுவைத்தால், சீட்டின் நகல் வைத்திருப்பவர் நாளைக்கும் வரலாம்.

குக்கியை அழிக்கும்போது அதை இட்ட அதே பெயர், அதே பாத், அதே டொமைன் கொடுத்தால்தான் உலாவி அழிக்கும். ஒன்று மாறினாலும் புதிதாக ஒரு குக்கியைப் படைத்து உடனே கொன்றுவிட்டு, பழையதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும். வெளியேறுவதை வெறும் இணைப்பாக வைக்காமல் போஸ்ட் படிவமாக வையுங்கள். இல்லாவிட்டால் இணைப்புகளை முன்கூட்டியே எடுத்துவைக்கும் கருவிகள் உங்கள் பயனரை அவருக்குத் தெரியாமலே வெளியேற்றிவிடும்.

விடுதியில் இன்னொன்றும் நடந்தது. மாலை ஷிப்டு எழுத்தர் முறையாக வெளியேறிவிட்டுத்தான் போனார். இரவு வந்தவர் பின்செல்லும் அம்பை அழுத்தியபோது, முந்தைய விருந்தினரின் கடவுச்சீட்டுப் பக்கம் அப்படியே தெரிந்தது. செஷன் செத்துவிட்டது, ஆனால் உலாவி தன் சேமிப்பிலிருந்து பழைய பக்கத்தை எடுத்துக் காட்டுகிறது. உள்நுழைந்தவருக்கு மட்டும் காட்டும் பக்கங்கள் அனைத்திலும், சேமிக்காதே என்று சொல்லும் நோ-ஸ்டோர் கேஷ் தலைப்பை அனுப்பினால் இது நிற்கும். இரண்டு வரி வேலை. ஆனால் அதை நாங்கள் செய்தது விடுதிக்காரர் கண்டுபிடித்த பிறகுதான்.

உலாவியை மூடினாலே செஷன் முடிந்துவிடும் அல்லவா?

நம்பாதீர்கள். காலாவதி குறிக்காத குக்கி உலாவி மூடப்படும்போது போய்விட வேண்டும் என்பது விதி. ஆனால் விட்ட இடத்திலிருந்து தொடர் என்ற அமைப்பு இயங்கும் குரோம் அதையும் மீட்டுவிடும். கைப்பேசியில் உலாவியை மூடுவது என்ற பழக்கமே இல்லை.

என்னை நினைவில் வை என்ற வசதியை எப்படிச் செய்வது?

செஷனின் ஆயுளை ஒரு மாதமாக்குவது தவறான வழி. செஷன் குறுகியதாகவே இருக்கட்டும், அது முடிந்தபின் புதியதைத் தொடங்கிக் கொடுக்க வேறொரு நீண்டகால டோக்கன் தனிக் குக்கியில் இருக்கட்டும். அந்த டோக்கன் இரண்டு பகுதிகள் கொண்டது. ஒன்று தரவுத்தளத்தில் வரியைத் தேடுவதற்கு, மற்றது ஒப்பிட்டுச் சரிபார்ப்பதற்கு. இரண்டாவதன் ஹேஷை மட்டுமே சேமிக்கிறோம். ஒவ்வொரு முறை பயன்படுத்தியதும் புதியது கொடுத்துப் பழையதைச் செல்லாததாக்கினால், பழையது மறுபடி வந்து நிற்கும்போது யாரோ திருடியிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். உடனே அந்தப் பயனரின் எல்லாச் செஷன்களையும் அடித்துவிடலாம். ஒரு எச்சரிக்கை: இரண்டு தாவல்கள் ஒரே நேரத்தில் திறந்தாலும் இதே அறிகுறி தெரியும். ஆகவே பழையதற்குச் சில நொடிகள் அவகாசம் கொடுங்கள்.

ஐந்து ஆண்டு ஆயுள் கொடுத்தாலும் பயனில்லை. 2022 முதல் குரோம் எந்தக் குக்கியையும் 400 நாளுக்கு மேல் வைத்திருப்பதில்லை. விடுதி மேசை போன்ற பொதுக் கணினிகளில் இந்த வசதியைக் காட்டவே வேண்டாம்.

செஷனை ஐபி முகவரியோடு கட்டிவிட்டால் திருட்டு நிற்குமா?

திருட்டு நிற்பதற்கு முன் வாடிக்கையாளர் நின்றுவிடுவார். காட்பாடியில் ரயிலேறிச் சென்னையில் இறங்குவதற்குள் ஒரு கைப்பேசியின் முகவரி மாறிவிடலாம். வீட்டு வைஃபையிலிருந்து வாசலுக்கு வந்தாலே மாறும். மறுபுறம், கைப்பேசி நிறுவனங்களின் பகிர்வு முறையால் முன்பின் தெரியாத பலர் ஒரே முகவரியில் இருப்பார்கள். முகவரியைப் பதிவேட்டில் குறித்துவையுங்கள். மேலாளர் கணக்கு திடீரென்று வேறு நாட்டிலிருந்து திறந்தால் மறுபடி கடவுச்சொல் கேளுங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

ஜேடபிள்யூடி பயன்படுத்தினால் இந்தத் தொல்லைகள் எல்லாம் இல்லை என்கிறார்களே?

2015இல் ஆர்எஃப்சி 7519 என்று வரையறுக்கப்பட்ட அந்தக் கையொப்பமிட்ட டோக்கனில், யார், எந்தப் பதவி, எப்போது காலாவதி என்பதெல்லாம் டோக்கனுக்குள்ளேயே இருக்கும். சர்வர் நோட்டைப் பார்க்க வேண்டியதில்லை, கையொப்பத்தைச் சரிபார்த்தால் போதும். பல சர்வர்கள் ஒன்றோடொன்று பேசும் இடத்தில் அது நல்ல கருவி.

விடுதி போன்ற செயலிக்கு அது ஏன் பொருந்தாது என்பதை ஒரு நிகழ்வு சொல்லும். ஓர் எழுத்தரை மேலாளர் வேலையிலிருந்து நிறுத்துகிறார், கணக்கையும் முடக்குகிறார். அவர் கைப்பேசியில் இருக்கும் டோக்கனோ காலாவதியாகும் வரை செல்லும், ஏனென்றால் நோட்டு என்று ஒன்று இல்லை, அடிக்க வரியும் இல்லை. செல்லாத டோக்கன்களின் பட்டியல் ஒன்றை வைத்து ஒவ்வொரு முறையும் ஒப்பிடலாம் என்பார்கள். அப்படிச் செய்யத் தொடங்கினால் மீண்டும் நோட்டு எழுதத் தொடங்கிவிட்டோம் என்றுதான் பொருள். டோக்கனின் உள்ளடக்கம் மறைகுறியாக்கப்பட்டது என்று நினைப்பவர்களும் உண்டு. அது வெறும் பேஸ்64 என்ற எழுத்துமாற்று, யாரும் படிக்கலாம். அதை, ஜாவாஸ்கிரிப்ட் படிக்கக்கூடிய உலாவிச் சேமிப்பான லோக்கல் ஸ்டோரேஜில் வைத்தால் எச்டிடிபி-ஒன்லி தரும் காப்பும் போய்விடும்.

என் கணினியில் ஒரு செயலியில் உள்நுழைந்தால் இன்னொன்று வெளியேறிவிடுகிறது. ஏன்?

சொந்தக் கணினியையே குறிக்கும் லோக்கல்ஹோஸ்டில் 8000ஆம் போர்ட்டும் 8080ஆம் போர்ட்டும் குக்கியைப் பொறுத்தவரை ஒரே வீடுதான். இரண்டு செயலிகளும் ஒரே பெயரில் குக்கி இடுவதால் ஒன்றை ஒன்று அழிக்கின்றன. பெயரை மாற்றுங்கள்.

உண்மையான தளத்தில் டொமைன் என்ற பண்பைக் குறிப்பிடாமல் விடுவதே பாதுகாப்பு. குறிப்பிட்டால் குக்கி எல்லாத் துணைத்தளங்களுக்கும் போகும். அவற்றில் ஒன்றை வேறு யாராவது நடத்தினால் உங்கள் செஷன் எண் அவர் கைக்கும் போகும். குக்கியின் பெயருக்கு முன்னால் இரண்டு அடிக்கோடு, ஹோஸ்ட், ஒரு சிறுகோடு என்று சேர்த்தால், செக்யூர் இல்லாமலோ டொமைன் குறித்தோ அந்தக் குக்கியை இட முயன்றாலே உலாவி மறுத்துவிடும்.

அரை மணி நேரத்தில் முடிய வேண்டிய குக்கி ஆறு மணி நேரம் வாழ்கிறது. ஏன்?

எக்ஸ்பயர்ஸ் பண்பில் எழுதும் நேரம் கிரீன்விச் நேரம். நம் ஊர் நேரத்தை எழுதி அதற்கு ஜிஎம்டி என்று முத்திரை குத்தினால் ஐந்தரை மணி நேரம் கூடிவிடும். இத்தனை நொடிகள் என்று மட்டும் சொல்லும் மேக்ஸ்-ஏஜைப் பயன்படுத்தினால் இந்தக் கணக்கே வேண்டாம்.

உள்நுழைவுக் குக்கிக்கு அனுமதிப் பெட்டி காட்ட வேண்டுமா?

ஐரோப்பிய விதிகளிலேயே, பயனர் கேட்ட சேவைக்கு இன்றியமையாத குக்கிக்கு ஒப்புதல் தேவையில்லை. செஷன் குக்கி அந்த வகை. விளம்பரத்துக்காகப் பின்தொடரும் குக்கிகள் வேறு கதை. நம் நாட்டின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பொறுத்தவரை, விடுதியில் நீங்கள் கவலைப்பட வேண்டியது குக்கியைவிடக் கடவுச்சீட்டு விவரங்களைப் பற்றித்தான்.

ஒப்படைப்பதற்கு முன் எதைச் சோதிக்கிறீர்கள்?

விடுதி மேசைக் கணினியிலேயே, மேலாளரைப் பக்கத்தில் உட்காரவைத்துச் செய்கிறேன். குரோமில் எழுத்தராக உள்நுழைந்து, எஃப்12 அழுத்தி, குக்கிப் பட்டியலில் செஷன் எண்ணைப் பார்க்கிறேன். உள்நுழைவதற்கு முன்பிருந்த எண்ணும் இதுவும் ஒன்றாக இருக்கக் கூடாது. அந்த எண்ணை நகலெடுத்து ஃபயர்ஃபாக்ஸில் அதே பெயரில் ஒட்டிப் பக்கத்தைத் திறந்தால் அறைப்பட்டியல் வரும். மேலாளர் திடுக்கிடுவார். சீட்டின் தன்மை அதுதான் என்று சொல்லிவிட்டு, குரோமில் வெளியேறு பொத்தானை அழுத்துகிறேன். இப்போது ஃபயர்ஃபாக்ஸைப் புதுப்பித்தால் உள்நுழைவுப் பக்கம் வர வேண்டும். அடுத்து இரண்டிலும் உள்நுழைந்துவிட்டு, ஒன்றில் கடவுச்சொல்லை மாற்றி, மற்றது வெளியேறுகிறதா என்று பார்க்கிறேன். பிறகு உள்நுழைந்த நிலையிலேயே கணினியை விட்டுவிட்டு, எதிரில் உள்ள கடையில் தேநீர் குடித்து முப்பத்தைந்து நிமிடம் கழித்து வந்து தொடுகிறேன். இவற்றில் எந்த இடத்திலாவது அறைப்பட்டியல் இன்னும் தெரிந்தால், அன்றைக்கு ஒப்படைப்பது இல்லை.